இரண்டாவது கையெழுத்து

ஐயா, எனக்கு உயரம் என்றால் பயம். நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றுவதற்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்த்தேன். மேலே போகும்போது கண்ணை மூடிக்கொள்வேன், கீழே வந்த பிறகுதான் குறிப்பு எழுதுவேன். இப்படிப்பட்டவன் ஒரு விமானக் கழகத்தில் பதினொரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். அங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

விபத்து நடந்த வாரம் உங்கள் விசாரணை அலுவலகத்துக்கு வந்து ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தீர்கள். "உங்க மேல பெரிசா தப்பில்ல, மனசைத் தேத்திக்குங்க" என்றீர்கள். அந்த வாக்குமூலத்தில் நான் சொன்னவற்றில் பாதி உண்மை. மீதியை இதில் எழுதுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் எழுத எழுத நான் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவேன். அது என் பழக்கம்.

என்னை அந்தக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இதிலும் அப்படியே எழுதுகிறேன். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்தில் பறக்கச் சொல்லிக்கொடுப்பவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் கேஸ் அடுப்பை அணைத்து, வாசல்வரை போய், திரும்பி வந்து, திருகியை மறுபடி தொட்டுப் பார்த்ததைக் கவனித்தார்.

"மச்சான், உங்க சந்தேகப் புத்திக்குன்னே ஒரு எடம் இருக்கு. கெளம்புங்க."

அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் எனக்கு அங்கே 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த விமானங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அலுமினியக் குழாய், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின். நாலு பேர் சேர்ந்தால் தூக்கி நகர்த்திவிடலாம். இவ்வளவு இலேசான பொருளில் ஒரு திருகு தன் வேலையை விட்டால் அதைப் பார்க்க இன்னொரு திருகு இருக்காது. அதனால்தான் ஏறுவதற்கு முன் ஓட்டுபவர் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி. பழகப் பழக அந்தச் சுற்று காலை நடை மாதிரி ஆகிவிடுகிறது. கை தொடும், கண் வேறெங்கோ இருக்கும்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பொய்க்குறை என்று பெயர். ஞாயிறு காலையில் யாராவது ஒருவருடைய விமானத்தில் நானே ஒரு குறையை வைத்துவிடுவேன். எரிபொருள் மூடியைத் தளர்த்துவேன், சக்கரத்தில் காற்றைக் குறைப்பேன், வேகம் காட்டும் குழாயின் வாயில் காகிதத்தைச் சுருட்டிச் செருகுவேன். சுற்றி வரும்போது அவர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் என் நோட்டில் 'பார்த்தார்' என்று எழுதுவேன். இல்லையென்றால், ஓடுபாதை ஓரத்தில் நிற்கிற நான் சிவப்புக் கொடியைத் தூக்குவேன். விமானம் தரையை விடுவதற்குள் நிறுத்திவிடுவார். நோட்டில் 'பார்க்கவில்லை' என்று எழுதுவேன், அன்றைக்கு எல்லோருக்கும் அவர்தான் டீ போட வேண்டும். முதல் வருடம் பாதிப் பேர் டீ போட்டார்கள். மூன்றாம் வருடம் டீ போட ஆளே கிடைக்கவில்லை. அந்த நோட்டு உயிர்களைக் காப்பாற்றியது, ஐயா. இதை இன்றும் நம்புகிறேன்.

மாப்பிள்ளை ஒருமுறைகூட டீ போட்டதில்லை. சுற்றி வருவார், நிற்பார், குனிவார், எடுப்பார். "மச்சான், இது உங்க சொத்து" என்று என் கையில் வைப்பார். சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். அவர் என்னைக் கேலி செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் முகம் சூடாகும். பறக்கிற ஆள் அவர், பெயர் வாங்குகிற ஆள் அவர். தரையில் நிற்கிற எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வேலை. அதிலும் அவரே ஜெயித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கழக உறுப்பினரான ஒரு பல் டாக்டரின் விஷயம் நடந்தது. அவருடைய எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயில் ஒரு பழைய காலுறையைச் செருகி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் அவர் மேலே போய்விட்டார். எஞ்சின் இருமிக்கொண்டே நின்றது. பக்கத்து வயலில் இறக்கினார், முன்சக்கரம் உடைந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். மாப்பிள்ளைதான் பேசினார்.

"யார் மேலயும் குத்தம் சொல்லல. மச்சான் நல்லதுக்குத்தான் பண்றாரு. ஆனா நாமளே கெடுத்து வச்சுட்டு நாமளே தேடறது வேணாம். எடுக்க மறந்துட்டா என்ன ஆகும்னு பாத்தாச்சு."

"நான் மறக்கற ஆள் இல்ல" என்றேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

பொய்க்குறையை நிறுத்தச் சொல்லிக் கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும். கூட்டம் முடிந்ததும் மாப்பிள்ளை டீ எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு ஏதோ பேசினார், மகளின் பரீட்சை பற்றி என்று நினைக்கிறேன். பதினொரு வருடத்தில் அவர் போட்டுக் கொடுத்த ஒரே டீ அது. நான் குடிக்கவில்லை.

உங்களிடம் மறைத்தவை இங்கிருந்து ஆரம்பமாகின்றன. பொய்க்குறையை நான் நிறுத்தவில்லை. மற்றவர்களுக்கு நிறுத்தினேன், மாப்பிள்ளைக்கு மட்டும் தொடர்ந்தேன். என் மனதுக்கு நான் சொல்லிக்கொண்ட நியாயம், அவர் கெட்டிக்காரர், கெட்டிக்காரர்களுக்குத்தான் அலட்சியம் வரும், என் தங்கை தாலி அவர் கவனத்தில் தொங்குகிறது என்பது. வாய்விட்டுச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் நான் விரும்பியது வேறு. அவர் ஒரே ஒருமுறை தவறவிட வேண்டும், எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு எரிபொருள் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டேன். அவர் சுற்றி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஏறிப் போனார். கொடியைத் தூக்க நினைத்தேன். ஆனால் அது தடைசெய்யப்பட்ட விளையாட்டு, காரணம் கேட்பார்களே என்று கை வரவில்லை. அவர் நல்லபடியாக இறங்கினார். நான் அவசரமாகப் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே புது வளையம் இருந்தது. நான் ஒளித்து வைத்திருந்த பழைய வளையம் சாயங்காலம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்.

இப்படி ஐந்து முறை. ஐந்து முறையும் பார்த்தார், சரிசெய்தார், வாயைத் திறக்கவில்லை. கழகத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னை அன்றே வெளியே அனுப்பியிருப்பார்கள். சொல்லவில்லை. என் தங்கையிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் முகத்தில் தெரிந்திருக்கும். நான் தனி ஆள், ஞாயிறு மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். எனக்கு எதிரே உட்கார்ந்து, குழம்பை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மச்சான்" என்பார். கண்ணில்கூட ஒன்றும் காட்டமாட்டார். என் மானத்தை அவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார். திட்டியிருந்தால் நான் திருந்தியிருப்பேன் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இதையும் அவர் மேல் பழியாகப் போடுகிறேன் பாருங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் கொட்டகைக் கூரையை மாற்ற வேண்டியிருந்தது. இடம் போதாமல் அவருடைய விமானத்தின் இறக்கைகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தோம். வேலை முடிந்து ஒரு சனிக்கிழமை திரும்ப மாட்டினோம். இறக்கையைக் கழற்றி மாட்டினால் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது கழகத்தின் விதி. மாட்டியவர் ஒன்று போடுவார். இன்னொருவர் எல்லாவற்றையும் புதிதாகத் திறந்து பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுவார். அந்த இரண்டாவது கையெழுத்து பதினொரு வருடமாக என்னுடையது.

இருக்கைக்குப் பின்னால் நாலு திருகு போட்ட ஒரு தகடு இருக்கும். அதைத் திறந்தால், ஓட்டுபவரின் கைப்பிடி அசைவை விமானத்தைச் சாய்த்து நிமிர்த்துகிற இறக்கை ஓரத்து மடலுக்குக் கொண்டுபோகும் தடி தெரியும். படுக்கை வாட்டில் ஒரு போல்ட், அதன் நுனியில் நட்டு. நட்டு அதிர்வில் கழன்று வராமல் இருக்க, போல்ட்டின் குறுக்கே ஒரு காட்டர் பின்னைச் செருகி அதன் இரண்டு கால்களையும் வளைத்துவிடுவார்கள். தீக்குச்சி நீளம்கூட இருக்காது. தகட்டை மூடிவிட்டால் மறுபடி இறக்கையைக் கழற்றும்வரை யாரும் அதைத் திறப்பதில்லை. ஏறும் முன் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார்கள். போல்ட் உள்ளே இருக்கும்வரை மடல் ஒழுங்காக அசையும்.

மாப்பிள்ளை மாட்டி முடித்தார், கையெழுத்துப் போட்டார், தகட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு எழுந்தார்.

"பாத்துடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

ஐந்து முறைக்குப் பிறகும் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாரே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் பதில் எனக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ரெண்டாவது கையெழுத்துல பூதக்கண்ணாடி பேர் இருந்தா நான் திரும்பிப் பாக்க மாட்டேன். மத்ததுல என்ன வேணா பண்ணுவாரு, அதுல வெளையாட மாட்டாரு" என்றார். அவர் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தேடித் தேடிக் கிடைக்காத இடம். என் கையெழுத்துக்கு அடியில் இருந்தது.

காட்டர் பின்னின் கால்களை நிமிர்த்தி உருவி எடுத்தேன். தகட்டை மூடினேன். கையெழுத்துப் போட்டேன்.

என் திட்டம் இதுதான். ஞாயிறு காலை அவர் ஒரு சுற்றுப் போய் இறங்கட்டும். இறங்கியதும் எல்லோரையும் கூப்பிட்டு, தகட்டைத் திறந்து, பின் இல்லாத போல்ட்டைக் காட்டுவேன். அவர் கைகழுவப் போனது, இரண்டாவது முறை திறந்து பார்க்காமல் ஏறியது எல்லாவற்றையும் சொல்வேன். பின் இல்லாவிட்டாலும் இறுக்கிய நட்டு பத்து மணி நேரமாவது தாங்கும். அவர் போகப்போவது இருபது நிமிடம். இதுவரை படித்துவிட்டு நீங்கள் என்னை முட்டாள் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லமாட்டீர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் நட்டு இறுக்கியபடி இல்லை. பின்னை எடுத்த பிறகு ஒரு யோசனை வந்தது. நட்டு இறுக்கமாக இருந்தால், "பின் இல்லேன்னா என்ன மச்சான், நட்டுதான் கெட்டியா இருக்கே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மறுபடி சிரிப்பார்கள். குறை என்றால் குறையாகத் தெரிய வேண்டும். அதனால் ஸ்பானரை வைத்து நட்டையும் தளர்த்தினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. விரலால் திருகினால் வரும் அளவுக்கு.

ஞாயிறு காலை தங்கை தன் மகளோடு வந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் பறந்ததே இல்லை. அன்றைக்குக் கல்யாண நாள் என்று மாப்பிள்ளை அவளைச் சம்மதிக்க வைத்திருந்தார். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். காற்று அதிகமாக இருந்ததால் நான் அவளை இறங்கச் சொன்னேன். இறங்கிவிட்டாள். அவர் தனியாகப் போனார்.

நான் ஓடுபாதை ஓரத்தில் நின்றேன். சிவப்புக் கொடி என் கையில் இருந்தது. விமானம் என் முன்னால் உருண்டு போனபோது வழக்கம்போல என்னைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். கொடியைத் தூக்க எனக்கு ஒரு விநாடி போதும், இருந்தது பத்து விநாடிக்கு மேல். தூக்கினால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் என் இரண்டாவது கையெழுத்தும் போய்விடும். இறங்கிய பிறகு சொன்னால் அது பாடம், இப்போதே சொன்னால் அது குற்றம். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது சக்கரங்கள் தரையை விட்டன.

பதினேழாவது நிமிடம் இறங்குவதற்காகத் திரும்பினார். இடது பக்கம் சாய்ந்த விமானம் நிமிரவில்லை. சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை, துணியும் குழாயும்தானே. பக்கத்தில் மருமகள் நின்றிருந்தாள். "மாமா, அப்பா எங்க எறங்கறாரு?" என்று கேட்டாள். பத்து வயது. அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். உடைந்த விமானத்தின் அடியில் நட்டு தனியாகக் கிடைத்தது, மரையில் ஒரு கீறல்கூட இல்லை, பிய்ந்து வராமல் தானாகக் கழன்று விழுந்திருந்தது. காட்டர் பின் எங்கேயும் கிடைக்கவில்லை. மாட்டியவர் பின்னைப் போட மறந்துவிட்டார், சரிபார்த்தவர் உறவுக்காரர் என்பதால் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அப்படிச் சொல்ல வைத்தது என் முதல் வாக்குமூலம். "அவர் மாட்டினா சரியாத்தான் இருக்கும்னு பாக்காம விட்டுட்டேன்" என்று அழுதேன். அழுகை நிஜம்தான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தீர்கள், ஆறுதலும் சொன்னீர்கள். கழகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது மாப்பிள்ளையின் கதையைச் சொல்கிறார்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒருநாள் மறப்பார்கள் என்பதற்கு உதாரணமாக.

தங்கை நம்பவில்லை. "அவர் மறக்கறவர் இல்லண்ணா. வீட்டுச் சாவியக்கூட ஒரு தடவ மறந்ததில்ல" என்று போகும்போதெல்லாம் சொல்வாள். அவள் நம்பாதவரை என்னால் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடிந்தது. இன்னொன்றும் சொல்வாள். "நீ மட்டும் என்னை எறக்கிவிடலேன்னா இவளுக்கு அம்மாவும் இருந்திருக்க மாட்டா" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் போனேன். இன்னும் போகிறேன், ஐயா. அதற்கும் வெட்கப்படத்தான் வேண்டும். மருமகள் சைக்கிளை வெளியே எடுத்தாள். தங்கை ஓடிவந்து தடுத்து, "பிரேக்கப் பாத்தியா? உங்க அப்பா மாதிரி மறந்துட்டுப் போகாத" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்துவிட்டேன். அவரைக் கொன்றது போதாதென்று, அவர் வீட்டுக்குள்ளேயே அவரை மறதிக்காரராக்கிவிட்டேன்.

இதோடு இரண்டு பொருள்களை வைத்திருக்கிறேன். ஒன்று காட்டர் பின். என் கண்ணாடிக் கூட்டில் இருந்தது. அதன் கால்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒருமுறை ஒழுங்காக வளைத்து, பிறகு இடுக்கியால் நிமிர்த்திய தடம் தெரியும். வளைத்தவர் அவர், நிமிர்த்தியது நான். அவர் மறக்கவில்லை. இதை என் தங்கைக்கும் மருமகளுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொன்று அந்த நோட்டு. கடைசிப் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கும், மாப்பிள்ளை என்று இருக்கும், எதிரே 'பார்க்கவில்லை' என்று இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, கால் கழுவி, விளக்கைப் போட்டு அதை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை.

அவர் சாவார் என்று நான் நினைக்கவில்லை. இருபது நிமிடம் தாங்கும் என்று நம்பினேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன். இதை எங்கே கேட்டாலும் சத்தியம் செய்து சொல்ல இருந்தேன். ஆனால் தங்கையை இறக்கிவிட்டதை மேலே எழுதினேன் அல்லவா, அந்த இடத்தைத் திரும்பப் படித்தபோது பேனா நின்றுவிட்டது.

"காத்து அதிகமா இருக்கு, நீ வேண்டாம், எறங்கு" என்றேன். மாப்பிள்ளை ஓடுபாதை முனையில் இருக்கும் காற்றுப்பையைப் பார்த்தார். காற்று வீசினால் நிமிர்ந்து நிற்கிற துணிப்பை அது. பிறகு என்னைப் பார்த்தார். "மச்சான் சொன்னா ஏதாவது இருக்கும், எறங்கிக்கோம்மா" என்றார். அவள் இருக்கைப் பட்டையை என் கையாலேயே அவிழ்த்து, தோளைப் பிடித்து இறக்கி, வேலிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் கொடியை எடுத்தேன்.

காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை, ஐயா.